வலி இல்லாத நோய்: இனிப்பு நீர் நம் உயிரணுக்களுக்குள் என்ன செய்கிறது?

(தொலைக்காட்சி மருத்துவக் கலந்துரையாடலில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையும், அதைத் தொடர்ந்து நேயர்கள் கேட்ட கேள்விகளும் இங்கே கட்டுரை வடிவில் தரப்படுகின்றன.)



சில மாதங்களுக்கு முன் என்னைப் பார்க்க ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தெட்டு. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர் உள்ளவர். ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளாக மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"ஏன் அண்ணே நிறுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒன்னும் செய்யல டாக்டர். நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப நாளு மருந்து சாப்பிட்டா கிட்னி போயிரும்னு கூட்டாளிங்க சொன்னாங்க. அதான் விட்டுட்டேன்" என்றார்.

அவர் மனைவி குறுக்கிட்டு, "நான் சொன்னா கேக்கவே மாட்டாரு டாக்டர். நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

அந்த அண்ணன் சொன்ன இரண்டு வார்த்தைகளைத்தான் இன்றைய தலைப்பாக எடுத்துக் கொண்டிருக்கிறேன். ஒன்று, "உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை." மற்றொன்று, "மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்." இந்த இரண்டையும் நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். "நம்பாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. உடம்புக்குள், கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருக்கிறது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் இது மிக அதிகமாகக் காணப்படுகிறது. சிங்கப்பூரிலும் இது பெரும் பிரச்சினைதான். அங்கே 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் இனிப்பு நீருக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. ஆகவே இது அடுத்த வீட்டுக் கதை அல்ல, நம் வீட்டுக் கதை.

ஒரு தேக்கரண்டிச் சீனி

நம் உடலில் ஏறக்குறைய 30 டிரில்லியன் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் உயிரணுவும் வேலை செய்ய எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள்களில் முக்கியமானது குளுக்கோஸ் எனும் சீனிச்சத்து. சோறு, ரொட்டி சானாய், மீ, பழம் என்று நாம் எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது.

நலமாக இருக்கும் ஒருவரின் மொத்த இரத்தத்திலும் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 5 கிராம்தான். அதாவது ஒரு தேக்கரண்டிச் சீனி. ஒரு தட்டு சோறு சாப்பிட்டால் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான குளுக்கோஸ் உள்ளே வருகிறது. அப்படியிருந்தும் இரத்தத்தில் அளவு பெரிதாக ஏறுவதில்லை. வந்த குளுக்கோஸை உடனுக்குடன் தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் உள்ளே வாங்கிக்கொள்கின்றன. வாங்கிக்கொள்ளச் சொல்லித் தகவல் கொடுப்பதுதான் இன்சுலின்.

வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் இன்சுலின் சுரக்கிறது. 1869ஆம் ஆண்டில் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் எனும் மருத்துவ மாணவர், கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கடலுக்குள் தீவுகள் போலச் சின்னச் சின்ன உயிரணுக் கூட்டங்கள் தனித்துத் தெரிவதைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. நோயின் வேர் கணையத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

1921இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் எனும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது ஊசி மூலம் செலுத்தப்பட்டது. முதல் ஊசியில் தூய்மை போதவில்லை, பலனும் இல்லை. காலிப் எனும் வேதியியலாளர் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தார். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு போட்ட ஊசி வேலை செய்தது. சாகும் நிலையில் இருந்த பையன் எழுந்து நடமாடினான். அதைக் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை டொரோண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள்.

இன்சுலின் ஊசி என்றாலே "கடைசிக் கட்டம்" என்று பயப்படுகிறோம். அது உயிர் காக்க வந்த மருந்து என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்சுலின் இருந்தும் ஏன் சீனி ஏறுகிறது?

இன்சுலின் இல்லாததுதான் நோய் என்றால், இன்சுலின் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி சரியாக வேண்டும். ஆனால் அப்படி நடக்கவில்லை. 1936இல் லண்டனில் ஹேரல்ட் ஹிம்ஸ்வொர்த் எனும் மருத்துவர், சிலருக்குக் கொஞ்சம் இன்சுலினே போதுமாக இருப்பதையும், வேறு சிலருக்கு அதே அளவு கொடுத்தும் சீனி இறங்காமல் இருப்பதையும் கவனித்தார். நோய் ஒன்றல்ல, இரண்டு வகை என்றார்.

பின்னர் அமெரிக்காவில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் இரத்தத்தில் உள்ள மிகச் சிறிய அளவு இன்சுலினையும் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அளந்து பார்த்தபோது, நடுவயதில் இனிப்பு நீர் வந்த பலரின் இரத்தத்தில் இன்சுலின் குறைவாக இல்லை, மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. இந்த அளவு முறைக்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஆக, முதல் வகையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகக் கணையத்தின் இன்சுலின் உயிரணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலினே இல்லாமல் போகிறது. பெரும்பாலும் சிறுவயதில் வருவது இது. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் இருக்கிறது, ஆனால் உயிரணு அதன் பேச்சைக் கேட்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி கீழே நின்று அழைப்பு மணியை அழுத்துகிறார். மேலே மணி ஒலிக்கிறது. வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினால்தான் கீழே கதவு திறக்கும். இங்கே மணியை அழுத்துவது இன்சுலின். உயிரணுவின் வெளிச்சுவரில் இருக்கும் மணிப் பொத்தானுக்கு இன்சுலின் ஏற்பி என்று பெயர். இன்சுலின் அதில் வந்து ஒட்டியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்துக்கும், அது அடுத்ததற்கும் தகவலைக் கடத்துகிறது. கடைசியில் குளூட்-4 எனும் புரதம், அதுவரை உயிரணுவின் உள்ளே ஒதுங்கிக் கிடந்தது, வெளிச்சுவருக்கு வந்து நிற்கிறது. அதுதான் கதவு. அதன் வழியாகக் குளுக்கோஸ் உள்ளே போகிறது. கதவுகள் இப்படி உள்ளிருந்து வெளிச்சுவருக்கு நகர்ந்து வருகின்றன என்பதை 1980இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

இரண்டாம் வகை நோயில் மணியும் இருக்கிறது, கதவும் இருக்கிறது. நடுவில் போகும் ஒயரில்தான் பழுது. விருந்தாளி அழுத்திக்கொண்டே இருக்கிறார், கதவு பாதிதான் திறக்கிறது. குளுக்கோஸ் வெளியே, இரத்தத்தில், தேங்கி நிற்கிறது.

ஒயரைக் கெடுப்பது எது?

கொழுப்பு என்பது ஒரு முக்கியமான விடை. நாம் தோலுக்கு அடியில் சேர்த்து வைக்கும் கொழுப்பு அவ்வளவு ஆபத்தானதல்ல. கொழுப்பைச் சேமிக்கவென்றே படைக்கப்பட்ட இடம் அது. அந்தக் கிடங்கு நிரம்பிவிட்டால் மிச்சக் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர்கிறது. அவை கொழுப்புக் கிடங்குகள் அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் தலைமையிலான குழு, உயிருள்ள மனிதரின் தசைக்குள் சேர்ந்திருக்கும் கொழுப்பைக் காந்த அலைக் கருவியால் அளந்து, அது கூடக் கூட இன்சுலினின் வேலை குறைவதைக் காட்டியது. கொழுப்பிலிருந்து வரும் சில பொருள்கள், இன்சுலின் ஏற்பியிலிருந்து செல்லும் தகவலை இடைமறிக்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் இன்னொரு தொல்லை. இரவில் நாம் சாப்பிடாமல் தூங்கும்போது கல்லீரல்தான் குளுக்கோஸ் தயாரித்து மூளைக்குக் கொடுக்கிறது. "போதும், நிறுத்து" என்று சொல்வது இன்சுலின். கல்லீரல் அதைக் கேட்காவிட்டால், இரவெல்லாம் தயாரித்துக்கொண்டே இருக்கும். "இரவு ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் ஏன் சீனி 9 காட்டுகிறது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்தியர்களுக்கு இதில் ஒரு தனிப் பாதகம் உண்டு. தோலுக்கு அடியிலுள்ள கிடங்கு நமக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். பார்ப்பதற்குக் குண்டாக இல்லாமலேயே கல்லீரலில் கொழுப்பு இருக்கும். ஆகவேதான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23 ஆகும்போதே கவனம் தேவை என்றது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவு திறக்கவில்லை என்றதும் கணையம் சும்மா இருக்காது. மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். பல ஆண்டுகள் இப்படியே ஓடும். அந்தக் காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்தால் சீனி சரியாகவே இருக்கும். கடைசியில் இன்சுலின் உயிரணுக்கள் களைத்துப் போகின்றன. சில தம் வேலையை மறந்துவிடுகின்றன, சில மடிந்துவிடுகின்றன. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியிட்ட மிகப் பெரிய ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கலந்துகொண்டார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே அவர்களின் கணையம் தன் திறனில் ஏறக்குறையப் பாதியை இழந்திருந்தது. "நேற்றுத்தான் இனிப்பு நீர் வந்தது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது பத்து ஆண்டுகளுக்கு முன்பே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

ஏன் கண், நரம்பு, சிறுநீரகம்?

இனி முதல் கேள்விக்கு வருவோம். இவ்வளவு நடந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை?

சீனி ஏறினால் உடல் முழுவதும்தானே பாதிக்க வேண்டும், ஏன் குறிப்பாகக் கண், நரம்பு, சிறுநீரகம்? 2001இல் மைக்கேல் பிரவுன்லீ எனும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார். பெரும்பாலான உயிரணுக்கள் இரத்தத்தில் சீனி கூடினால் தம் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்கின்றன. ஆனால் கண்ணின் விழித்திரையில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உயிரணுக்கள், சிறுநீரக வடிகட்டியின் உயிரணுக்கள், நரம்பைச் சார்ந்த உயிரணுக்கள் ஆகியவற்றால் அப்படிச் சாத்திக்கொள்ள முடியாது. அவற்றின் கதவுக்கு இன்சுலினும் தேவையில்லை. வெளியே எவ்வளவு சீனி இருக்கிறதோ, அவ்வளவும் உள்ளே வெள்ளமாகப் பாய்கிறது.

உள்ளே வந்த சீனியை எரிப்பது மைட்டோகாண்டிரியா எனும் சின்னஞ்சிறு அடுப்புகள். அளவுக்கு மீறி விறகு வைத்தால் அடுப்பு புகையும் அல்லவா? அதுபோல் இங்கே சூப்பர் ஆக்சைடு எனும் நச்சுப் பொருள் கிளம்புகிறது. அது உயிரணுவின் மரபணுப் பொருளையும் புரதங்களையும் தாக்குகிறது. இன்னொரு பக்கம் சீனியே நேரடியாகப் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. மிருதுவாக இருக்க வேண்டிய இரத்தக் குழாய்ச் சுவர் தடித்து இறுகிப் போகிறது.

இந்த வேலைகளெல்லாம் உயிரணுவுக்குள் நடப்பவை. உயிரணுவுக்குள் நடக்கும் சேதத்தை உணர்ந்து வலி என்று மூளைக்குச் சொல்ல அங்கே நரம்பு கிடையாது. காலில் இருக்கும் நரம்போ, சேதப்பட்டால் வலியைச் சொல்லும் திறனையே இழந்துவிடுகிறது. அதனால்தான் காலில் ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகி, பிறகு காலை வெட்ட வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். ஆகவே "ஒன்றும் செய்யவில்லை" என்பதை உடம்பு நன்றாக இருப்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிறுநீரகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் ஒரு மில்லியன் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன. வடிகட்டியின் சல்லடையைப் பிடித்துக்கொண்டிருப்பவை போடோசைட் எனும் உயிரணுக்கள். விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். இவை ஒரு முறை செத்தால் திரும்பப் பெருகுவது அரிது. சீனியாலும் இரத்த அழுத்தத்தாலும் இவை உதிர ஆரம்பித்தால் சல்லடையில் ஓட்டை விழுகிறது. இரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் எனும் புரதம் சிறுநீரில் கசிகிறது. முதலில் மிகச் சிறிய அளவு. கண்ணால் பார்த்தால் தெரியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். நாளடைவில் அந்த வடிகட்டி தழும்பாகிப் போகும். வழக்கமாக எடுக்கும் கிரியாட்டினின் பரிசோதனை, சிறுநீரகத்தின் பாதித் திறன் போகும் வரைகூடச் சரியாகவே காட்டலாம்.

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இனிப்பு நீர்தான் காரணம். சிங்கப்பூரில் இது மூவரில் இருவர் என்ற அளவில் இருக்கிறது. டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்தக் குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டு அவரைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும்.

மருந்தா, சீனியா?

இப்போது இரண்டாவது கேள்வி. மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிடுகிறார். சீனி கட்டுப்பாட்டில் இல்லை. மருத்துவர் இன்சுலின் போடச் சொல்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதாகிறது. பார்ப்பவர்கள் கண்ணுக்கு, மாத்திரையும் ஊசியும் முன்னால் வந்தன, சிறுநீரகப் பழுது பின்னால் வந்தது. ஆகவே மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பத்து ஆண்டும் சீனி உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

மெட்ஃபோர்மின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் ஒரு மூலிகைச் செடியில் இருந்த பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவானது இது. 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் எனும் மருத்துவர் இதை இனிப்பு நீருக்குப் பயன்படுத்தினார். இது முக்கியமாகக் கல்லீரலின் அளவுமீறிய குளுக்கோஸ் தயாரிப்பைக் குறைக்கிறது. இது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரின் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமானவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார், மிகவும் பலவீனமானால் நிறுத்துவார். "கிட்னி சரியில்லை என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்" என்பதை நம்மவர்கள் "மாத்திரையால் கிட்னி சரியில்லை" என்று திருப்பிப் புரிந்துகொள்கிறார்கள்.

முன்பு சொன்ன பிரிட்டன் ஆய்வில், மருந்தால் சீனியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்தன. மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆய்வு முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல் வெளியிட்ட முடிவிலும் ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்கு அந்த நன்மை நீடித்தது.

இன்னொரு செய்தி. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் எனும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சீனி சிறுநீரில் வெளியேறுவதை 1886இல் அதே வான் மெரிங் கண்டார். சிறுநீரகத்தில் சீனியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை அது அடைக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அந்த வழியில் உருவான இன்றைய மாத்திரைகள், சிறுநீரகம் பழுதாகும் வேகத்தைக் குறைக்கின்றன என்று 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. இனிப்பு நீர் மருந்து என்று வந்தது, சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தாகவும் ஆகியிருக்கிறது.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளும் இருக்கத்தான் செய்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். முட்டி வலி, இடுப்பு வலி என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் சில வலி மாத்திரைகள் அப்படிப்பட்டவை. பதிவு எண் இல்லாத பொட்டலத் தூள்களில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சீனிக்கு மருத்துவர் கொடுக்கும் மாத்திரைக்குப் பயந்து, இவற்றை அச்சமின்றிச் சாப்பிடுகிறோம்.

ஒயரைச் சரிசெய்ய முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் இல்லாமலேயே குளூட்-4 கதவுகள் வெளிச்சுவருக்கு வந்துவிடுகின்றன. அதாவது நடப்பது பின்வாசலைத் திறப்பது போல. சாப்பிட்டபின் பதினைந்து, இருபது நிமிடம் நடந்தால் சீனி குறைவது இதனால்தான்.

2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்தவர்கள் உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. 2006இல் சென்னையில் நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் செய்த ஆய்வில் உணவு, உடற்பயிற்சி மாற்றத்தால் சுமார் 28 விழுக்காடு குறைந்தது. நமக்குப் பலன் கொஞ்சம் குறைவு, ஆனால் பலன் உண்டு.

நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருப்பவர்களிடம் பிரிட்டனில் நடத்திய இன்னோர் ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. மருத்துவக் கண்காணிப்பில் கடுமையாக எடை குறைத்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலேயே சீனியைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். கல்லீரல் கொழுப்பு கரைந்ததும் களைத்துப்போன கணையம் மீண்டும் வேலை செய்தது. எடை திரும்ப ஏறியவர்களுக்கு நோயும் திரும்பியது. ஆகவே "குணமாகிவிட்டது" என்று யாரும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்லாமல் மருந்தை நிறுத்துவதும் தவறு.

நேயர்கள் கேட்டவை

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் இனிப்பு நீர். எனக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் என்று இல்லை, ஆனால் வாய்ப்பு அதிகம். இதற்கு ஒரே ஒரு மரபணு காரணமல்ல. சிறிய சிறிய மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. மரபணுவை மாற்ற முடியாது, வயிற்றுக் கொழுப்பை மாற்றலாம். நீங்கள் நாற்பது வயது வரை காத்திருக்காமல் இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளினிக்குக்குப் போகும் முன் இரண்டு நாள் சோற்றைக் குறைத்தால் சீனி சரியாகக் காட்டுகிறது. பிறகு ஏன் டாக்டர் திட்டுகிறார்?

(சிரித்தபடி) நீங்கள் மட்டுமல்ல, பலரும் இதைத்தான் செய்கிறார்கள். 1968இல் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர் எனும் ஆய்வாளர், இனிப்பு நீர் உள்ளவர்களின் சிவப்பணுவில் சீனி ஒட்டிய ஒரு புரதம் இருப்பதைக் கவனித்தார். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதுவரை ஒட்டிய சீனி போகாது. இதை அளப்பதுதான் எச்.பி.ஏ.1சி பரிசோதனை. இரண்டு மூன்று மாதக் கணக்கை அது சொல்லிவிடும். இரண்டு நாள் பத்தியத்தால் டாக்டரை ஏமாற்றலாம், சிவப்பணுவை ஏமாற்ற முடியாது.

கேள்வி: தே தாரிக்கில் சீனி போடாமல் குடித்தால் பரவாயில்லையா?

சீனி போடாவிட்டாலும் அதிலுள்ள கெட்டிப்பாலில் நிறையச் சீனி இருக்கிறது. கடையில் "தே ஓ கோசோங்" என்று கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் நாக்கு முணுமுணுக்கும். பிறகு பழகிவிடும்.

கேள்வி: எனக்குச் சீனி 12 காட்டுகிறது, ஆனால் 6க்கு இறங்கினால்தான் மயக்கம் வருவதுபோல் இருக்கிறது. அப்படியென்றால் 12தானே என் உடம்புக்குச் சரி?

இல்லை அம்மா. நீண்ட நாள் கூடுதலாகவே இருந்ததால் உங்கள் மூளை அதைப் பழக்கமாக எடுத்துக்கொண்டுவிட்டது. கண்ணும் சிறுநீரகமும் அதற்குப் பழகவில்லை. மருத்துவரிடம் சொன்னால் சிறிது சிறிதாக இறக்குவார். ஆனால் 4க்கும் கீழே போனால் அது உண்மையான ஆபத்து, உடனே இனிப்பு சாப்பிட வேண்டும்.

முடிவாக...

அந்த லாரி ஓட்டிய அண்ணனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவருடைய கிரியாட்டினின் சரியாகவே இருந்தது. "பார்த்தீங்களா டாக்டர்?" என்றார். சிறுநீரில் அல்புமின் பார்த்தோம். கசிவு தொடங்கியிருந்தது. கண் படத்திலும் சில சிவப்புப் புள்ளிகள். சல்லடையின் படத்தைத் தாளில் வரைந்து காட்டி, இரண்டு ஆண்டு மருந்தில்லாமல் என்ன நடந்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கூட்டாளிங்ககிட்ட காட்டணும்" என்றார். இப்போது மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கசிவு முழுவதும் நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

இனிப்பு நீர் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது நான்கு காரியங்களைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். எச்.பி.ஏ.1சி பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் பரிசோதனை, கண்ணின் விழித்திரைப் படம், கால் பரிசோதனை. இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க கிளினிக்கில் இவற்றைப் பற்றிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது "ஒன்றும் செய்யவில்லை" என்று மருந்தை ஒதுக்கி வைத்திருந்தால், சண்டை போடாதீர்கள். இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.